முதல் தேடலைக் காதால் செய்வது: சிங்கப்பூரில் கணினி டியூனரும் பார்வையற்றோரும்

சிங்கப்பூர்த் தொலைக்காட்சி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கால்டிகாட் குன்றிலிருந்துதான் வீடுகளுக்கு வந்தது. 1963இல் தொடங்கிய ஒளிபரப்பு 1966இல் அங்கே எழுந்த நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப் ஒன்-நார்த் வட்டாரத்துக்கு மாறும்வரை அந்தக் குன்றுதான் அதன் முகவரி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், தோ பாயோ ரைஸில், 1951இல் தொடங்கிய பார்வைக் குறைபாடுள்ளோர் சங்கம் இருக்கிறது. இரண்டுக்கும் இன்று ஒரே எம்ஆர்டி நிலையம். இத்தனை அருகில் இருந்தும், வீட்டுக் கூடத்தில் இருந்த பெட்டி பார்வையற்றவரை நினைத்துச் செய்யப்பட்ட பொருளாக நெடுங்காலம் இருக்கவில்லை.

பார்வையற்றவர்களுக்குத் தொலைக்காட்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. செய்தி, பட்டிமன்றம், நாடகம், பழைய படம், பாட்டுப்போட்டி ஆகியவற்றில் பெரும்பகுதி காதால் வாங்கக்கூடியதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே கதையைக் கேட்பதும், மறுநாள் அதைப் பற்றிப் பேசுவதும் எல்லாருக்கும் வேண்டியவை. பார்வையற்றவர்களுக்குத் தடையாக இருப்பது நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் படிகள்: மெனு, ஒளிவழிப் பட்டியல், அடுத்து என்ன என்று சொல்லும் அட்டவணை. இவை மூன்றும் திரையில் வெறும் எழுத்தாக மின்னி மறைகின்றன. அதே எழுத்து கணினிக்குள் வந்துவிட்டால், திரைவாசிப்பான் அதைக் குரலாக்கிவிடும். ஆகவே, ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குள் கொண்டுவரும் டியூனரை வெறும் சிக்கன வழியாக நான் எண்ணவில்லை. தொலைக்காட்சியைத் தானே இயக்க ஒரு பார்வையற்றவருக்குக் கிடைத்த முதல் உண்மையான வாய்ப்புகளில் அதுவும் ஒன்று. அந்த வாய்ப்பு நிறைவேறியதா என்பதற்கு ஒரே சோதனைதான் உண்டு: ஒளிவழிகளைத் தேடிப் பிடிக்கும் முதல் தேடலை, பக்கத்தில் கண்ணுள்ளவர் யாரும் இல்லாமல் செய்து முடிக்க முடிகிறதா?

அனலாக் காலத்தில் பெரும்பாலும் முடியவில்லை. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும், லிட்டில் இந்தியாவின் ஓரத்தில் ரோச்சோர் கால்வாய்ச் சாலையில் நிற்கும் சிம் லிம் ஸ்குவேர்தான் கணினி உதிரிப் பொருளுக்கு ஊரறிந்த இடம். ஹாப்பாக், ஏவர்மீடியா, காம்ப்ரோ, லீட்டெக் போன்ற பெயர்களில் டியூனர் அட்டைகள் அப்போது உலகெங்கும் விற்றன. பலவற்றின் உள்ளே புரூக்ட்ரீ நிறுவனத்தின் சில்லோ, பிலிப்ஸ் சில்லோ இருக்கும். அட்டையைக் கணினிக்குள் செருகி, அதிலிருந்து ஒரு சிறு கம்பியை ஒலி அட்டையின் உள்ளீட்டில் மாட்டவேண்டும். அந்தக் கம்பியை மறந்தாலோ, ஒலிக் கலவைப் பலகையில் அந்த உள்ளீடு ஊமையாக்கப்பட்டிருந்தாலோ, கண்ணுள்ளவருக்குப் படமாவது தெரியும். பார்வையற்றவருக்கு எதுவுமே நடக்காதது போலிருக்கும்.

இன்னொரு சிக்கலும் அங்கே ஒளிந்திருந்தது. அனலாக் ஒளிபரப்பில் படமும் ஒலியும் தனித்தனி அலைகளில் வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரின் பால் முறையில் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். ஹாங்காங்கில் 6, சீனாவில் 6.5, அமெரிக்காவில் 4.5. நிறுவும்போது நாட்டின் பெயரைத் தவறாகத் தேர்ந்தால் படம் வரும், ஒலி வராது. நாடுகளின் பட்டியலோ, பெரும்பாலும் நிரல் எழுதியவர் தாமே வரைந்த அலங்காரச் சட்டத்துக்குள் இருக்கும். அந்தச் சட்டங்களின் பொத்தான்கள் வெறும் படங்கள். அவற்றுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்காது. ஜாஸ் போன்ற திரைவாசிப்பான் அங்கே போனால் ‘பொத்தான், பொத்தான்’ என்று சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாது. விண்டோஸில் 1997 முதலே பார்வையற்றோர் போன்றவர்களின் அணுக்கத்துக்கான வழிமுறை இருந்தது. டியூனர் நிரல்களை எழுதியவர்களில் அதைப் பொருட்படுத்தியவர்கள் மிகச் சிலரே. ரிமோட்டைப் போலவே தோன்றும் திரை வேண்டும் என்ற ஆசை அவர்களை ஆட்டிவைத்தது.

2013 டிசம்பரில் மீடியாகார்ப் டிவிபி-டி2 என்ற தரத்தில் மின்னிலக்க ஒளிபரப்பைத் தொடங்கியது. அனலாக் 2017 கடைசியில் நிற்கும் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு ஓராண்டு தள்ளிவைத்தார்கள். 2019 பிறந்தபோது நிறுத்தினார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு செட்-டாப் பெட்டி, உள்ளறை ஆண்டெனா, பொருத்தும் பணி மூன்றையும் அரசு இலவசமாகக் கொடுத்தது. பிறகு, கட்டணத் தொலைக்காட்சி வைத்திராத சிங்கப்பூரர்களின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 100 வெள்ளி உதவியும் வந்தது. பெரிய மாற்றத்தை யாரும் பின்தங்காமல் நடத்தப் பார்த்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் உதவிக்கு அளவுகோல் வருமானமும் வீட்டு வகையும்தான். பிரிட்டன் 2007 முதல் 2012 வரை வட்டாரம் வட்டாரமாக மாறியபோது, பிபிசி நடத்திய உதவித் திட்டம் 75 வயதைக் கடந்தவர்களோடு, பார்வையற்றோராகப் பதிவானவர்களையும் தனியாகக் கணக்கில் எடுத்தது. பேசும் செட்-டாப் பெட்டியும் அந்த ஆண்டுகளில் அங்கே சந்தைக்கு வந்தது. பேசாத பெட்டியை ஒரு பார்வையற்றவர் வீட்டில் இலவசமாகப் பொருத்திவிட்டுப் போனால், அடுத்த முறை ஒளிவழிகள் இடம் மாறும்போது அவர் மறுபடி யாரையோ கூப்பிட்டாக வேண்டும்.

கணினி டியூனர் இங்கேதான் பயன்படுகிறது. அதை இன்று அமைப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் எழுத்து ‘டி2’. சிங்கப்பூரில் பழைய டிவிபி-டி தரமும் முன்பு புழக்கத்தில் இருந்தது. 2001இல் பேருந்துகளில் தொடங்கிய டிவிமொபைல் அதில்தான் ஓடியது. ஆகவே பழைய கையிருப்பிலும், பிறர் தள்ளிவிடும் பொருளிலும் டி2 தெரியாத யூஎஸ்பி குச்சிகள் இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் பல குச்சிகளும் அப்படித்தான். ரியல்டெக் சில்லு கொண்ட பழைய குச்சிகள் வானொலி அலைகளை ஆராய இன்று உலகெங்கும் பயன்படுகின்றன; ஆனால் டி2 பிரிக்கும் தனிச் சில்லு கூடவே இல்லாவிட்டால் தமிழ் ஒளிவழியான வசந்தம் அவற்றில் வராது. விண்டோஸா லினக்ஸா என்பதையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெட்டியோடு வரும் குறுவட்டு நிரலை நம்பி எதையும் வாங்கவேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. நிரலை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். இயக்குநிரல் எனப்படும் டிரைவர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணினிக்குள் எதையும் செருகாமல், வீட்டு வலையமைப்பில் தனியாக உட்காரும் ஹெச்டிஹோம்ரன் போன்ற டியூனர்களும் உண்டு. ஆண்டெனாவும் வலைக் கம்பியும் மாட்டினால் போதும். தேடலை உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தே தொடங்கலாம். உலாவிப் பக்கம் திரைவாசிப்பானுக்குப் பழகிய நிலம். தலைப்பு, இணைப்பு, பட்டியல் என்று தாவித் தாவிப் போகலாம். பார்வையற்ற ஒருவர் தனியாக அமைக்க எது எளிது என்று கேட்டால், விலை சற்று கூடினாலும் இந்த வகையைத்தான் முதலில் சொல்வேன். அங்கேயும் டி2 மாதிரிதானா என்று கேட்டே வாங்கவேண்டும். அமெரிக்காவுக்கான மாதிரிகள் இங்கே உதவா.

அடுத்தது ஆண்டெனா. அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவர் அலையை விழுங்கும். நிலவறை போல் கட்டிய வீட்டுப் பாதுகாப்பறைக்குள் ஒன்றும் கிடைக்காது. சன்னல் ஓரம்தான் நல்ல இடம். எந்தச் சன்னல், எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கண்ணுள்ளவர்கள் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். லினக்ஸில் ஃபெமான் என்ற சிறு நிரல் இருக்கிறது. அலையின் வலிமையையும் பிழைகளையும் எழுத்து வரிகளாகச் சொல்லும். அதில் ஒலி முறை ஒன்றும் உண்டு. அலையின் தரத்தைக் காதால் கேட்டபடியே ஆண்டெனாவை நகர்த்தலாம். இருட்டிலும் கூரையிலும் நிற்கும் எவருக்கும் பயன்படும் வசதி அது. விலை கொடுத்து வாங்கும் நிரல்களில் இதை நான் எதிர்பார்த்தேன். கட்டளை வரியில்தான் கிடைத்தது.

தேடலும் அப்படித்தான். லினக்ஸின் கட்டளை வரித் தேடல் நிரல்கள் ஒவ்வோர் அலைவரிசையாகத் தொட்டு, கிடைத்த ஒளிவழியின் பெயரை வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். ஓர்கா திரைவாசிப்பான் அதை அப்படியே படிக்கும். வேலை முடிந்ததும் பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். வரிகளை இடம் மாற்றினால் ஒளிவழிகள் இடம் மாறும். உட்லண்ட்ஸ், ஈசூன் போன்ற வடக்கு வட்டாரங்களில் ஜோகூரின் ஒளிபரப்பும் விழலாம். மலேசியாவும் டி2 தரத்தையே எடுத்து, 2019இல் அனலாக்கை நிறுத்திவிட்டது. அப்போது பட்டியல் நீளும். வசந்தத்தை முதல் வரிக்குக் கொண்டுவந்து, வேண்டாதவற்றை அழித்துவிட்டால், அம்புக்குறி விசையால் தேடித் திரியும் தொல்லை இராது.

வீட்டில் ஒரு சிறு கணினி, ராஸ்பெரி பை ஆனாலும் சரி, டிவிஹெட்எண்ட் என்ற நிரலை ஓட்டினால், டியூனரை அது ஏற்றுக்கொண்டு வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பரிமாறும். அதன் முழு அமைப்புப் பக்கம் திரைவாசிப்பானுக்குக் கடினமானது. கட்டங்களும் மிதக்கும் சாளரங்களுமாக இருக்கும். ஆனால் அதிலேயே எளிய பக்கம் ஒன்றும் உண்டு: நிகழ்ச்சியின் பெயரைத் தட்டித் தேடி, இணைப்பை அழுத்திப் பதிவுக்கு வைக்கலாம். ஒளிவழிப் பட்டியலை ஒரு கோப்பாகவும் தரும். அதை விஎல்சி என்ற ஊடக நிரலில் திறந்தால் தொலைக்காட்சி ஓடும். ரிமோட்டால் இயக்க விரும்புவோருக்குக் கோடி என்னும் ஊடக நிரல் உண்டு. தன்னார்வலர்கள் எழுதிய திரைவாசிப்பு இணைப்பை அதில் சேர்த்தால், மெனுவில் எங்கே நிற்கிறோம், எந்த ஒளிவழி, அடுத்து என்ன நிகழ்ச்சி என்று பேசும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த மீடியா சென்டர் 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிடப்பட்டது. அதை நம்பிப் பழகியவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஒரு நிறுவனத்தின் முடிவில் அறுந்துபோகாத நிரல்களை நான் முன்னால் வைப்பதற்கு அதுவும் காரணம்.

ஒலியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். திரைவாசிப்பானும் தொலைக்காட்சியும் ஒரே ஒலிபெருக்கியில் பேசினால், செய்தி வாசிப்பவரும் கணினிக் குரலும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இரண்டும் புரியாமல் போகும். என்விடிஏ 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். தான் பேசும்போது மற்ற ஒலியைத் தாழ்த்தும் வசதி அதில் உண்டு. முதல் வேலையாக அதை இயக்கிவிடலாம். அதைவிட மேலான ஏற்பாடு, மலிவான யூஎஸ்பி ஒலிக் குச்சி ஒன்று வாங்கி, திரைவாசிப்பானை ஒற்றைக் காதொலிப்பானுக்கும் தொலைக்காட்சியைக் கூடத்து ஒலிபெருக்கிக்கும் பிரித்துவிடுவது. வீட்டார் தொல்லையில்லாமல் நாடகம் கேட்பார்கள். இவர் தம் காதில் பட்டியலைப் படித்துக்கொள்வார்.

குரல் எந்த மொழியில் பேசும்? பல ஆண்டுகள் தமிழுக்குக் கிடைத்தது ஈஸ்பீக்கின் இயந்திரக் குரல்தான். பழகியவர்கள் அதை மிக வேகமாக ஓட்டிக் கேட்பார்கள். புதிதாகக் கேட்பவர், அதிலும் முதியவர், முகம் சுளிப்பார். பிறகு விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் வந்தது. மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையில் சிங்கப்பூர்த் தமிழுக்கென்றே அன்பு, வெண்பா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. நம் ஊர் உச்சரிப்புக்கு இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இணையம் வழியே வரும் குரலில் சிறு தாமதம் உண்டு. ஒளிவழி ஒளிவழியாகத் தாவும்போது அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். அன்றாட இயக்கத்துக்குக் கணினியிலேயே இருக்கும் குரலை வைத்துக்கொள்வது நல்லது.

டியூனரால் கிடைக்கும் இன்னொரு பயன் பதிவு. மின்னிலக்க ஒளிபரப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்டே வருவதால், கணினி அதை அப்படியே கோப்பாக எழுதிவிடும். அதிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தால், வசந்தத்தின் இரவுச் செய்தியை மறுநாள் காலை எம்ஆர்டியில் கேட்டுக்கொண்டு போகலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: சொந்த, வீட்டுப் பயனுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்ய இங்கே சட்டத்தில் இடமுண்டு. இலவச ஒளிவழிகளை மக்கள் இணையம் வழியே பதிவு செய்ய உதவிய ரெக்கார்ட்டிவி நிறுவனத்துக்கும் மீடியாகார்ப்புக்கும் நடந்த வழக்கில், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரெக்கார்ட்டிவியின் பக்கம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

டியூனரால் ஆகாதவையும் உண்டு. ஸ்டார்ஹப், சிங்டெல் வழியே வரும் இந்தியத் தமிழ் ஒளிவழிகள் பூட்டப்பட்டவை. அவற்றுக்கு அந்த நிறுவனங்களின் பெட்டியோ செயலியோதான் வழி. தமிழகத்தில் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் அலையைக் கணினி அட்டையால் பிடிப்பது போல இங்கே செய்ய முடியாது. வீடுகளில் தட்டு ஆண்டெனா வைக்க அனுமதியில்லை. இன்னொரு பக்கம், மீடியாகார்ப்பின் மீவாட்ச் செயலியும் பேசும் திறன்பேசியும் இருக்கும்போது டியூனர் எதற்கு என்று இளையவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பலருக்கு அதுவே போதும். ஆனால் செயலி ஒவ்வொரு புதுப்பிப்பிலும் முகம் மாறும். நேற்றுப் பெயரோடு இருந்த பொத்தான் இன்று பெயரிழந்து நிற்கும். காற்றில் வரும் அலைக்குக் கணக்கு, கடவுச்சொல், இணையக் கட்டணம் எதுவும் வேண்டாம். எழுபது வயதில் பார்வை இழந்தவருக்கு, மாறாமல் இருக்கும் நான்கு விசைகள் பெரிய விஷயம். லெங்கோக் பாருவில் உள்ள எனேபிளிங் வில்லேஜில் உதவிக் கருவிகளைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தகுதியுடையோருக்கு உதவித் தொழில்நுட்ப நிதி, கருவி விலையில் 90 விழுக்காடு வரை கொடுக்கிறது. திரைவாசிப்புள்ள கணினி அந்த வழியில் வீட்டுக்கு வந்திருந்தால், டியூனருக்கான செலவு அதன் மேல் சிறு தொகையே.

மிஞ்சியிருப்பது இந்த ஊருக்கே உரிய சிக்கல். நான்கு மொழி பேசும் நகரத்தின் தொலைக்காட்சி துணைவரியை நம்பி வாழ்கிறது. ஒளிவழி 8இன் மாண்டரின் நாடகத்தை ஆங்கில வரிகளைப் படித்துத் தொடர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வசந்தத்தில் இந்திப் படம் ஓடும்போதும் வரிதான் துணை. பார்வையற்றவருக்கு அந்த வரி இல்லை. டிவிபி முறையில் துணைவரி பெரும்பாலும் எழுத்தாக வருவதில்லை, படமாக வருகிறது. ஆகவே திரைவாசிப்பான் அதை நேரே படிக்க முடியாது. என்விடிஏ விண்டோஸின் எழுத்துணர் வசதியால் திரையிலுள்ள படத்தைப் படிக்கக் கற்றிருக்கிறது. ஆங்கில வரியை ஒருமுறை நிறுத்திப் படிக்க அது உதவும், ஓடும் நாடகத்துக்கு ஈடுகொடுக்காது. நெதர்லாந்து, சுவீடன், பின்லாந்து நாடுகள் வேறு வழி கண்டன: துணைவரியை ஒளிபரப்பாளரே கணினிக் குரலாக்கி அனுப்புகிறார். அந்த நாடுகளின் திரையிலும் அயல்மொழி நிகழ்ச்சிகள் மிகுதி. தேவை நமக்கு இருப்பது போன்றதே.

சிங்கப்பூரின் அலையில் இதற்கு இடம் உண்டு. டிவிபி தரத்தில் ஒரே நிகழ்ச்சிக்குப் பல ஒலித்தடங்களை அனுப்பலாம். அவற்றில் ஒன்றைப் பார்வையற்றோருக்கான விளக்கவுரை என்று குறிக்கத் தனிக் குறியீடே வகுத்திருக்கிறார்கள். நாடகத்தில் யார் கதவைத் திறந்தார், யார் கண் கலங்கினார் என்று சொல்லும் குரலும், துணைவரியைப் படிக்கும் குரலும் அந்தத் தடத்தில் வரலாம். கோடி நிரலின் அணுக்க அமைப்புகளில், பார்வையற்றோருக்கான தடத்துக்கு முன்னுரிமை கொடு என்ற ஒரு வரி இருக்கிறது. அதை இயக்கிவைத்தால், அந்தக் குறியீட்டோடு தடம் வந்த நொடியே நிரல் அதற்கு மாறிக்கொள்ளும். தேக்காவிலோ தோ பாயோவிலோ உட்கார்ந்து கேட்பவர் எந்த விசையையும் தொடவேண்டியதில்லை. தமிழ் நாடகங்களுக்கு அந்தத் தடத்தை மீடியாகார்ப் எழுதிச் சேர்க்கவேண்டும். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் அதற்கு ஒரு காலக்கெடுவையும் மணிக்கணக்கையும் வகுக்கவேண்டும்.